உடையும்வரை சோதனை

சக்கரத்தைக் கண்டுபிடித்த காலத்தில் மனித குலத்திடம் ஒரு குழு இல்லை. அதனால்தான் சக்கரம் இன்றும் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. கவண் உண்டை விஷயத்தில் அப்படி ஓர் இழுக்கு நேராமல் எங்கள் மண் ஆய்வு அலுவலகம் காப்பாற்றிவிட்டது. அந்தக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் மூல காரணம் என் அக்கா. அவள் வயலில் சோளக்கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்துக் குருவிக் கூட்டம் இறங்கிவிட்டது. கவணில் கல் வைத்து எறிந்தால், வயலில் கிடக்கும் கல் அறுவடை இயந்திரத்தின் பல்லைப் பெயர்க்கிறது. கல்லுக்குப் பதில் மண் உருண்டை எறியலாமென்றால், அவள் நிலமோ மணல். அதில் உருண்டை பிடித்தால் கவணைச் சுழற்றும்போதே பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறது.

"தம்பி, நீ மண்ணு ஆபீஸ்லதான இருக்க? நல்ல களிமண்ணு எங்க கெடைக்கும்னு பாத்துச் சொல்லுடா. இந்த ஒரு வயலத்தான் நம்பியிருக்கேன்."

"கவலய விடுக்கா. நான் முறைப்படி பாத்துக்கறேன்."

அக்கா நிம்மதியாகத் திரும்பிப் போனாள். பாவம்.

இயக்குநர் உடனடியாகக் குழு அமைத்தார். வெளியிலிருந்து ஒரு நிபுணரும் வரவழைக்கப்பட்டார். முதல் கூட்டத்தில் உண்டையின் வடிவம் ஆழமாக விவாதிக்கப்பட்டது.

"உருண்டையா இருந்தா மேசையிலேருந்து உருண்டுருமே சார்" என்றார் நிபுணர்.

"அப்ப சதுரமாப் பண்ணலாமா?" என்றார் இயக்குநர்.

"சதுரம் பறக்குமான்னு தெரியலையே."

இயக்குநர் ஒரு தீப்பெட்டியை எறிந்து பார்த்தார். பறந்தது. இதனால் குழப்பம் முற்றி, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் உருண்டை பெரும்பான்மையில் வென்றது.

களிமண் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால், வாய்க்கால் வளைவிலேயே கிடைத்தது. மண்ணை ஈரமாக்கி, கயிறுபோல மெல்லிசாக உருட்டி, விரலில் மோதிரமாகச் சுற்ற வேண்டும். விரிசல் விடாவிட்டால் அது நல்ல களிமண். இயக்குநர் பத்து விரலிலும் மோதிரம் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். அன்று எந்தக் கோப்பிலும் கையெழுத்து விழவில்லை. வழக்கத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

காயும்போது வெடிக்காமலிருக்க, கொஞ்சம் மணல் கலந்து பிசைந்தோம். கூட்ட அறை மேசைமேல் நிழலிலேயே காயவைத்தோம். உள்ளங்கையில் அடங்கும் அழகான உண்டைகள். பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா போனில் கூப்பிட்டாள். "காஞ்சிருச்சாடா? பாதிக் கதிரு மொட்டையாயிருச்சு."

"தரச் சோதனை மட்டுந்தான்க்கா பாக்கி."

இயக்குநர் ஓர் உண்டையை மேசை உயரத்திலிருந்து கீழே போட்டார். உடையவில்லை. எல்லோரும் கைதட்டினோம்.

"ஒரு தடவ போட்டா எப்படி நம்பறது?" என்றார் நிபுணர்.

இயக்குநர் மறுபடி போட்டார். பிறகு நாற்காலிமேல் ஏறிப் போட்டார். கடைசியில் மொட்டை மாடியிலிருந்து போட்டார். உடைந்தது.

"பாத்தீங்களா? எனக்கு அப்பவே சந்தேகம்!" என்றார் நிபுணர்.

இப்படியே ஒவ்வோர் உண்டையும் நேர்மையாகச் சோதிக்கப்பட்டு, தகுதியற்றது எனத் தள்ளப்பட்டது. "சார், உடையாம இருக்கறத அக்காகிட்ட குடுத்துரலாமே?" என்றேன்.

"உடையாததா? அதயெல்லாம் இன்னும் முழுசா சோதிக்கலயேப்பா!"

அலமாரிக்கு அடியில் உருண்டோடிய ஓர் உண்டை மட்டும் தப்பியது. அதைப் பஞ்சில் பொதிந்து, பெட்டியில் வைத்து, தொடக்க விழாவுக்காக அக்காவின் வயலுக்கு எடுத்துப் போனோம்.

வயலில் ஒரு குருவிகூட இல்லை. ஒரு மணி சோளமும் இல்லை. வெறும் சோளத் தட்டைகள் காற்றில் ஆடின.

இயக்குநருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "உண்டை வர்ற சேதி கேட்டே ஓடிருச்சுங்க! திட்டம் மாபெரும் வெற்றி!"

வெற்றியைக் கொண்டாட வரப்பு நிழலில் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்தோம். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பெட்டியைத் திறந்தாள். உண்டையை விரல்களால் உருட்டிப் பார்த்தாள். "நல்ல உண்டைதான்" என்று கவணில் வைத்தாள்.

"சார், வயிறு நெறஞ்சதும் குருவிங்க கெளம்பிருச்சு" என்றாள். "நீங்க எப்பக் கெளம்பறதா உத்தேசம்?"

கவண் மெல்லச் சுழலத் தொடங்கியது.

எங்கள் உண்டைக்குப் பயந்து அந்த வயலைவிட்டு ஓடியது யார் என்று இனி எவரும் கேட்க வேண்டியதில்லை. முதலில் ஓடியவர் நிபுணர். அக்கா குறி பார்த்தது என்னை.