சொந்தமாக எழுதிய ஸ்பானிஷ்

“இதை நீர்தான் எழுதினீரோ?” என்று கேட்டார் ஜோசப்பின் மிஸ்.

“ஓம் மிஸ். நானேதான்,” என்றான் அபிஷன்.

பாலங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை, ஸ்பானிஷில். ஒரு பிழை இல்லை. ஆனால் கடைசிப் பந்தி, ‘இதை இன்னும் சுருக்கித் தரட்டுமா?’ என்று பணிவோடு கேட்டது. அதை அழிக்கக்கூட அவனுக்குச் சோம்பல்.

ஜோசப்பினுக்கு அழுகை வந்தது. அஜின்கோர்ட் என்ற புறநகரில் உள்ள அந்தக் கல்லூரி, சிலி நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு கைகோத்த உற்சாகத்தில், பொறியியல் மாணவர்களுக்கு ஸ்பானிஷில் ஆய்வுக் கட்டுரை எழுதப் படிப்பிக்க அவரை எடுத்திருந்தது. சிலிக்காரரின் சஞ்சிகையில் ஒரு கட்டுரையாவது வந்தால்தான் அடுத்த வருடமும் வேலை. வகுப்பில் எழுதத் துணிந்தவன் அபிஷன் ஒருவன்தான்.

“ஏஐயைத் தொடப்படாது. பிழை வந்தாலும் பறவாயில்லை, சொந்தமா எழுதும்.”

சொன்ன வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம். அடுத்த கிழமை அவன் வெறுங்கையோடு வந்தான்.

“பிரிட்ஜை விட்டிட்டன் மிஸ். நியூ டொபிக். ஃபுல்லா நானே எழுதி சப்மிட் பண்ணிட்டன்.”

“எனக்குக் காட்டாமலோ?”

“சொந்தமா எண்டு நீங்கதானே சொன்னீங்க?”

ஜோசப்பின் தலையில் கை வைத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளர் றமேஸிடம் போனார்.

“பயப்பிடாதேங்கோ அக்கா. அந்தச் சஞ்சிகைக்கு வாற கட்டுரையளைப் பாத்து அபிப்பிராயம் எழுத ஆக்கள் தேடினம். நீங்கள் சேந்தா, கொன்ராக்ற்றை நீட்ட எனக்கும் ஒரு சாட்டுக் கிடைக்கும்.”

சேர்ந்தார். முதல் கட்டுரை, எழுதியவர் பெயர் மறைக்கப்பட்டு வந்தது. கழிவுநீர்க் குழாய்களைப் பற்றியது. நாற்றம் மொழியிலும் இருந்தது. பல நாளைக்குப் பிறகு ஜோசப்பினுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்பானிஷைத் தாய்ப்பாலோடு குடித்தவனே இந்த லட்சணத்தில் எழுதினால், அபிஷன் தங்கமல்லவா! காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே.

வகுப்பின் மேல் இருந்த கோபம் முழுவதையும் முகம் தெரியாத அந்தச் சிலிக்காரன் மேல் கொட்டினார். எழுதியவனை மட்டுமல்ல, அவனுக்குப் படிப்பித்தவரையும் விடவில்லை. நிராகரித்து அனுப்பிவிட்டு நிம்மதியாக ஒரு தேநீர் குடித்தார்.

சில நாட்களில் றமேஸ் கூப்பிட்டனுப்பினார். அறையில் அபிஷன் கண் சிவந்து நின்றான். றமேஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொரி மிஸ், என்ர கழிவுநீர் பைப் கட்டுரையை ரிஜெக்ட் பண்ணிட்டாங்கள். படிப்பிச்ச ஆளை முதல்ல வேலையால நிப்பாட்டச் சொல்லி ரிவியூவர் எழுதியிருக்கிறார்; நல்லா ஸ்பானிஷ் தெரிஞ்ச ஆள் போல, றமேஸ் அங்கிளும் நிப்பாட்ட ஓம் எண்டிட்டார்.”