தென்னேரியில் பறவை எண்ணுவதாகச் சொல்கிறாள்

பெரிய காஞ்சிபுரம்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் குமாரசாமி அவர்களுக்கு, மாணிக்கவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வாலாஜாபாத்தில் தாங்களும் பிள்ளைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை ரேணுகாம்பாள் சௌக்கியம். நான் சௌக்கியமில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனைக் கையில் எடுத்தாலே அம்மாவும் மகளும் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள்.

விஷயம் நம்ம பிரியதர்ஷினி. பதினொன்றாம் வகுப்பில் படிப்போடு ஏதாவது ஒரு மன்றத்தில் சேர வேண்டுமாம். அப்பா கையெழுத்துப் போட ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். நாடகம் என்றால் அழுவதற்குப் பயிற்சி கொடுப்பார்கள், அப்புறம் வீட்டில் அழுதால் எது நிஜம் என்று எனக்கு எப்படித் தெரியும்? பேச்சுப் போட்டி வேண்டவே வேண்டாம், இப்போது பேசுவதே போதும். செஸ்தான் சரி, ஒரே இடம், வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று அதில் டிக் போட்டால், அவள் வந்து, "நான் சுற்றுச்சூழல் மன்றத்துல சேர்றேம்பா. ஞாயித்துக்கிழம காலையில தென்னேரி ஏரிக்குப் போயி பறவை எண்ணணும்" என்கிறாள்.

"எண்ணி?"

"நோட்டுல எழுதணும்."

"எழுதி?"

"அவ்ளோதாம்பா."

அந்த 'அவ்ளோதாம்பா'தான் மச்சான், எனக்கு இடித்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் செய்கிறவன் நான். என்னைக் கண்டதும் எவன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கிறானோ, அவனிடம் டிக்கெட் இருக்காது. ஒரு மன்றமே வானத்தைப் பார்க்கிறது என்றால் சும்மா விட முடியுமா?

கையெழுத்துப் போடாமல், ஒரு தடவை மட்டும் போய்வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மன்றத்தை நடத்தும் கலாவதி டீச்சர் வேனில் எட்டுப் பெண்களை அழைத்துப்போனார். நான் உங்கள் தங்கையிடம் ட்யூட்டி என்று சொல்லிவிட்டு மொபெட்டில் பின்னாலேயே போய், ஏரிக்கரையில் ஒரு கருவேல மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது, மீதி உடம்பை எறும்பு. ஆனால் வேற்று ஆள் யாரும் வரவில்லை. எட்டுப் பெண்கள் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

அப்போது அவளுடைய சினேகிதி ஏஞ்சல் நேராக என்னைப் பார்த்துக் கூப்பிட்டாள். "அங்கிள், எழுந்து வாங்க! அரை மணி நேரமா உங்களப் பாத்துக்கினுதான் இருக்கோம். நோட்டுலகூட எழுதிட்டேன்: மரத்துக்குப் பின்னால ஒண்ணு, இனம் தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள், டீச்சர் உட்பட. பிரியா சிரிக்கவில்லை. பைனாகுலரைக் கழற்றி டீச்சரிடம் கொடுத்துவிட்டு, என் மொபெட்டில் ஏறி உட்கார்ந்தாள். வாலாஜாபாத் தாண்டியதும் ஒரே ஒரு வார்த்தை: "என்ன நம்பலயாப்பா நீ?" நான் மொபெட்டின் வேகத்தைக் கூட்டினேன்.

வீட்டுக்கு வந்து, "நீ சொன்னபடி செஸ்ஸே எடுத்துக்கறேம்பா" என்றாள். அன்றிலிருந்து நான் எது சொன்னாலும் 'சரிப்பா'. தட்டைக் கழுவி வைக்கிறாள். பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு பணிவை நான் பார்த்ததில்லை. உள்ளே ஏதோ திட்டம் இருக்கிறது. எனவே தாங்கள் சனிக்கிழமை தவறாமல் வந்து, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல், அவள் மனதில் என்ன இருக்கிறது என்று விசாரித்து, செஸ்ஸின் பெருமையையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. அம்மன் எல்லோரையும் காக்கட்டும், என்னைச் சற்றுக் கூடுதலாக.

தங்கள்,
மாணிக்கவேல்

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பிரியா டீ கொண்டுவந்தாள். நான் சட்டென்று காகிதத்தைத் தலையணைக்குக் கீழே தள்ளியதைப் பார்த்தாள். என்னவென்று கேட்கவில்லை. "ஆறிடும், குடிப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மச்சான், அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தலையணையைத் தூக்கிப் பார்த்திருப்பேன். செஸ்ஸை அடித்துவிட்டு, சுற்றுச்சூழலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. "நீயும் வர்றியாப்பா? ஒழுங்கா வேன்லயே வா" என்கிறாள். ஆகவே தாங்கள் விசாரிக்க வர வேண்டாம். அப்படியே வந்தால் ஞாயிறு காலை ஐந்தரைக்குத் தயாராக இருக்கவும். வெள்ளைச் சட்டை கூடாது, பறவை பறந்துவிடும்.