பிம்போங்கின் கட்டைவிரல்

ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. குழாயிலிருந்து கொஞ்ச நேரம் புஸ் புஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

“போச்சு!” என்று தலையில் கை வைத்தான் மூப்பர் ஹால்வர்சன்.

மூப்பர் என்றதும் நரைத்த தாடியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மார்மன் சபையில் ஊழியத்துக்கு வரும் பையன்கள் எல்லோருக்குமே மூப்பர் பட்டம்தான். இந்த மூப்பருக்கு முகப்பரு இன்னும் அடங்கவில்லை. அமெரிக்காவில், ஐடஹோவில், உருளைக்கிழங்கு பயிரிடும் வீட்டுப் பிள்ளை. கானா வெயிலில் வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு வருஷம் அலைந்ததில் மூக்குத் தோல் உரிந்து, புதுத் தோல் வந்து, அதுவும் உரிந்திருந்தது. குமாசி நகரில் அவன் தட்டாத கதவு இல்லை. எல்லோரும் உட்கார வைத்தார்கள், சோறு போட்டார்கள், சிரித்துப் பேசி அனுப்பினார்கள். ஒருவர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை அவனுக்கு ஊருக்கு விமானம். இறங்கியதும் சபை மேடையில் ஏறி, தன் ஊழியத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதே மேடையில், பிரேசில் போய்வந்த அவன் பெரியப்பா மகன் பாதி ஊரையே முக்கியெடுத்த கதையைப் போன மாதம்தான் பேசி முடித்திருந்தான். வாரா வாரம் அம்மா போனில், “யாராவது வந்தாங்களாடா?” என்பாள். இவன் சிக்னல் சரியில்லை என்பான்.

இந்த நிலைமையில் கிடைத்தவர்தான் பிம்போங். லாரி டிரைவர். கடற்கரைப் பக்கமிருந்து குமாசிக்குப் புதிதாகக் குடிவந்தவர். முதல் நாளே வாசலில் உட்கார வைத்து விசாரித்தார்.

“எப்ப ஊருக்குக் கிளம்பறீங்க?”

“அடுத்த மாசம் ஐயா.”

“இதுவரைக்கும் எத்தனை பேரை முக்கியெடுத்தீங்க?”

ஹால்வர்சன் வாயைத் திறந்தான். பதிலுக்குப் பதில் அழுகை வந்துவிட்டது.

பிம்போங் தன் மனைவி அஃப்ரியேயைத் திரும்பிப் பார்த்தார். அவள் பெருமூச்சு விட்டு, எண்ணெயில் கிடந்த வாழைப்பழத் துண்டுகளைப் புரட்டிப் போட்டாள்.

“சரி, பாடத்தை ஆரம்பிங்க,” என்றார் பிம்போங்.

பாடம் என்றால் அப்படி ஒரு பாடம்! கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. சபை விதிப்படி டீ குடிக்கக்கூடாது என்று ஹால்வர்சன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, “அதை விட்டு எவ்வளவோ நாளாச்சு,” என்றார். எல்லாம் தேவ கிருபை என்று ஹால்வர்சன் புல்லரித்துப் போனான்.

அந்தக் கிருபை இப்போது குழாயில் வராமல் நின்றிருந்தது.

“பக்கத்துக் கடையில பாக்கெட் தண்ணி இருக்கே,” என்றான் மூப்பர் முதாசா. இவன் ஜிம்பாப்வேக்காரன். ஊழியத்தில் ஜோடி ஜோடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதால், தூங்கும்போதுகூட ஹால்வர்சனின் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருப்பவன்.

மூட்டை மூட்டையாகப் பாக்கெட் தண்ணீர் வந்தது. சபையார் மொத்தமும் தொட்டியைச் சுற்றி நின்று, பாக்கெட் மூலைகளைப் பல்லால் கடித்துப் பீய்ச்சினார்கள். பாடகர் குழுவினருக்கு வாய் மரத்துப்போனது. கடைக்காரி பெரிய மனசுடன் எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியிலிருந்தே எடுத்துக் கொடுத்திருந்தாள்.

தண்ணீர் இடுப்பளவு ஏறியதும் பிம்போங் வெள்ளை அங்கியோடு இறங்கினார். “அய்யய்யோ!” என்று அடுத்த நொடியே வெளியே வந்தார்.

“கொஞ்சம் சில்லுனு இருக்கும் ஐயா,” என்று கெஞ்சினான் ஹால்வர்சன்.

“கொஞ்சமா? மீன் மார்க்கெட்டுல ஐஸ்ல போடுவாங்களே, அதுக்கு இது தேவலையா?”

முணுமுணுத்துக்கொண்டே மறுபடி இறங்கினார். அஃப்ரியே முன்வரிசையில் துண்டு, மாற்றுத் துணி, தைல டப்பா சகிதம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் கொண்டுவரச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

உடம்பில் ஒரு நகம் தண்ணீருக்கு வெளியே தெரிந்தாலும் முழுக்கு செல்லாது. அதைக் கவனிக்க இரண்டு சாட்சிகள் நிற்பார்கள். ஒருவன் முதாசா. இன்னொருவர் அக்யாம்பொங். வட்டாரக் கால்பந்து ஆட்டங்களில் கோட்டருகே கொடி பிடிக்கும் நடுவர் அவர். கொடி இல்லாத இடத்தில் கைக்குட்டை வைத்திருந்தார்.

ஹால்வர்சன் வலது கையை உயர்த்தி ஜெபத்தைச் சொன்னான். பிம்போங்கை மல்லாக்கச் சாய்த்தான். லாரி நீளத்துக்கு இருந்த மனிதர் இந்தப் பக்கம் உள்ளே போக, அந்தப் பக்கம் ஏதோ எழும்பியது.

கைக்குட்டை பறந்தது. “கட்டைவிரல்!”

“எந்தக் கட்டைவிரல்?”

“இடது கால். தெளிவாத் தெரிஞ்சுது. மறுபடி!”

“முட்டியை மடக்கிக்கறேன், நீங்க என் தோளுக்குக் கீழ கை குடுங்க மூப்பரே,” என்று பிம்போங்கே யோசனை சொன்னார். எவ்வளவு சரியாகச் சொல்கிறார் என்று ஹால்வர்சன் வியந்தான்.

முட்டியை மடக்கியதில் அங்கிக்குள் காற்று புகுந்துகொண்டது. பிம்போங் முழுகினார், அங்கி மட்டும் பூரி மாதிரி உப்பி மேலே நின்றது.

“அங்கி!” என்றார் அக்யாம்பொங். கைக்குட்டை ஆடியது.

“அங்கி உடம்பில்லையே ஐயா!”

“மூப்பரே, நடுவர்கிட்ட வாதாடாதீங்க.”

ஹால்வர்சன் விடவில்லை. டையைக் கழற்றி, அங்கியின் அடிவிளிம்பைப் பிம்போங்கின் கணுக்காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். காற்று புக வழியில்லை. பிம்போங் காலை நகர்த்தவும் வழியில்லை. ஜெபம் முடிவதற்குள் அவர் தடுமாறி, பிடிமானத்துக்கு ஹால்வர்சனின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

தண்ணீர் அடங்கியபோது பிம்போங் நின்றுகொண்டிருந்தார். ஹால்வர்சனைக் காணோம்.

“மூப்பர் நல்லா முழுகிட்டாரு,” என்று அறிவித்தார் அக்யாம்பொங். “நகம்கூட வெளிய தெரியல. ஆனா அவருக்கு ஏற்கெனவே ஆயிடுச்சே.”

கூட்டம் சிரித்தது. இருமிக்கொண்டே எழுந்த ஹால்வர்சனுக்குச் சிரிப்பு வரவில்லை. காலடியில் ஏதோ குறுகுறுத்தது. தொட்டியின் அடைப்பான் கழன்று எங்கோ மிதந்துகொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் கடித்துச் சேர்த்த தண்ணீர் களக் களக்கென்று போய்க்கொண்டிருந்தது.

“முதாசா!” என்று அலறினான்.

முதாசா போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஷூவோடு குதித்து, துளையின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்தான். தண்ணீர் அவன் கழுத்தளவில் நின்றது.

“சாட்சி வெளியில இல்ல நிக்கணும்?” என்று ஒரு குரல் கேட்டது.

“இதைவிடக் கிட்டத்துல யாரு பாக்க முடியும்?” என்றான் முதாசா, பற்கள் தந்தியடிக்க. “சீக்கிரம் முடிங்க. எனக்கு உணர்ச்சியே போச்சு.”

டையை அவிழ்த்தாயிற்று. ஹால்வர்சன் கையை உயர்த்தினான். ஜெபத்தில் ஒரு வார்த்தை பிசகினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். “ஆண்டவரே, இந்த ஒருத்தர்!” என்று மனசுக்குள் கதறிக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி முடித்தான். பிம்போங் தானாகவே மூக்கைப் பிடித்து, முட்டியை மடக்கி, காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டுச் சாய்ந்தார். முதாசா இரண்டு கையாலும் அவர் பாதங்களை அமுக்கினான்.

எல்லோரும் அக்யாம்பொங்கைப் பார்த்தார்கள். அவர் குனிந்தார். நிமிர்ந்தார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“செல்லும்!”

கோல் விழுந்த மாதிரிக் கூட்டம் குதித்தது. மத்தளம் முழங்கியது. பாடகர் குழு மரத்த வாயோடு பாட ஆரம்பித்தது. சபைக்கே உரிய அந்தப் பாட்டின் எல்லாச் சரணத்தையும் பிம்போங் கூடவே பாடினார்.

ஹால்வர்சன் சொட்டச் சொட்ட வெளியே வந்து முன்வரிசை நாற்காலியில் விழுந்தான். மேடை, அம்மா, பெரியப்பா மகன் எல்லாம் கண் முன்னே வந்து போனார்கள். இனி யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கலாம். இரண்டு வருஷத்து வெயிலும் ஒரே நாளில் இறங்கியதுபோல் விக்கி விக்கி அழுதான்.

அஃப்ரியே அவன் தலையைத் துண்டால் துவட்டிவிட்டாள்.

“அழாதப்பா, அதான் முடிஞ்சுதுல்ல? வெறுங்கையோட ஊருக்குப் போறேன்னு எந்தப் பையன் வந்து அழுதாலும் இவருக்குத் தாங்காது. முன்ன கடற்கரைப் பக்கம், டகோராடில, அந்தச் செம்பட்டைத் தலை மூப்பர் பையனுக்காக முழுகுனப்போ தண்ணி நிறைய இருந்துச்சு, ஒரே முக்குல முடிச்சுட்டாரு!”