துரோகிப் பட்டம் வழங்கும் அண்ணன்

கொசுவுக்கு அடுத்தபடியாக எல்லா ஊரிலும், எல்லாப் பருவத்திலும் உயிர் பிழைக்கிற ஒரு பிராணி உண்டென்றால், அது உட்கார்ந்த இடத்திலிருந்து நாட்டைக் காக்கிற மனிதர்தான். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருக்க முடியாது, அவர் விடமாட்டார். ஒலிம்பிக் வந்தால் போதும், பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஒரு நாள் ஓடியிராத அந்த மனிதர், நூறு மீட்டர் ஓடுகிறவன் எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். நீச்சல்காரி சுவரில் காலை உதைத்தது போதாது என்பார். குண்டு எறிகிற ஆறடி ஆளைப் பார்த்து, "சாப்பாடு பத்தலை இவனுக்கு" என்பார். அதெல்லாம் உபரி வேலை. அவருடைய நிஜ உத்தியோகம் வேறு. எந்த ஆட்டக்காரன் எந்த நாட்டுக்கு ஆட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வதும், தீர்ப்பை மீறினவர்களுக்குத் துரோகிப் பட்டம் வழங்குவதும்தான் அது. சம்பளம் கிடையாது. லீவும் கிடையாது.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். டயர்க்கடைக்காரர். தெருவுக்கே அண்ணன், அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் பஞ்சர் ஒட்ட நேரமாகும். கடை வாசலில், உழைத்து ஓய்ந்த லாரி டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார். அதுதான் சபை. உள்ளே சுவரில் டிவி. மூலையில் காற்றடிக்கிற கம்ப்ரெஸர். சபையில் யாராவது அவருக்கு எதிராக வாயைத் திறந்தால் எழுந்துபோய்க் கம்ப்ரெஸரைப் போட்டுவிடுவார். அது கடகடவென்று கத்தி அடங்குவதற்குள், தான் என்ன சொல்ல வந்தோம் என்பதே எதிராளிக்கு மறந்துபோகும்.

அண்ணனிடம் இரண்டு தராசு உண்டு. எங்கோ பிறந்து, எங்கோ வளர்ந்து, நம் சட்டையைப் போட்டுக்கொண்டு நீளம் தாண்ட வந்தான் ஒருவன். பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அவன் மணலில் போய் விழுந்ததும் அண்ணன் டயரை விட்டு எழுந்து, "பாத்தீங்களா, மண்ணு இழுத்துட்டு வந்துடுச்சுய்யா!" என்று கண் கலங்கினார். எந்த மண், எப்போது இழுத்தது என்று கேட்கக்கூடாது. அடுத்த தாண்டலில் அவன் கோட்டை மிதித்துக் கெடுத்தான். "என்ன இருந்தாலும் வெளியாள்தானே, அவனுக்கு எங்க வலிக்கப்போவுது?" என்று உட்கார்ந்துவிட்டார். ஒரு தாண்டலுக்கும் அடுத்த தாண்டலுக்கும் நடுவில் அந்தப் பையனுக்கு ஒரு தாய்நாடு கிடைத்து, அது பறிபோயும் விட்டது. பாவம், அவனுக்கே தெரியாது. இங்கே பிறந்து வேறு சட்டை போட்டவன் எவனாவது திரையில் தலைகாட்டினாலோ, விசாரணையே கிடையாது. "தின்ன சோத்துக்குத் துரோகம் பண்ணினவன்!" முடிந்தது. அவன் என்ன தின்றான், யார் போட்டார்கள் என்பதற்கெல்லாம் சாட்சி கூப்பிடுவது சபையின் வழக்கமில்லை.

இப்படிப்பட்டவர் இருக்கிற ஊருக்கே ஒலிம்பிக் வருகிறது என்று அறிவித்தால் கேட்கவா வேண்டும்? அறிவிப்பு வந்த நாளிலிருந்து அண்ணன் தரையில் நடக்கவில்லை. உலகமே நம் தெருவைப் பார்க்கப்போகிறது என்று பஞ்சர் ஒட்ட வந்தவனிடமெல்லாம் சொன்னார். பாலமே தாங்காத ஊரில் இதெல்லாம் தேவையா என்று கேட்ட ஒருவருக்குக் காற்றே அடித்துக் கொடுக்கவில்லை.

வினை வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது.

அண்ணனுடைய தங்கை, கடைக்குப் பின்பக்கத்துச் சந்தில் துணி தைத்துப் பிழைக்கிறவள். அவளுடைய மகள் நடைப் போட்டிக்காரி. நடைப் போட்டி தெரியுமல்லவா? ஓடக்கூடாது. எப்போதும் ஒரு காலாவது தரையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் எழும்பினால் நடுவர் சிவப்பு அட்டை போடுவார். அட்டைகள் சேர்ந்தால் வெளியே போக வேண்டியதுதான். இடுப்பை ஒடித்து ஒடித்து, கையை வீசி வீசி அவள் தெருவோடு போவதைப் பார்த்து, தெரு அவளுக்கு வாத்து என்று பெயர் வைத்தது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். அவள் நடந்தாள். நாட்டில் அவளை முந்த ஆளில்லை என்று ஆகிற வரைக்கும் நடந்தாள். ஒலிம்பிக் அணிக்கான தேர்வுப் போட்டியிலும் முதலாவதாக வந்தாள். அணியை அறிவித்தபோது அவள் பெயர் இல்லை. அவளுக்குப் பின்னால் வந்தவள் பெயர் இருந்தது. பின்னால் வந்தவள் நடைச் சங்கத் தலைவரின் மருமகள்.

"தலைவரா? அவரு நம்ம கஸ்டமரு! வண்டி இங்கதான் வரும். நான் பேசிக்கறேன், நீ கண்ணைத் தொடை" என்றார் அண்ணன். மனசாரத்தான் சொன்னார். அதில் குறை சொல்லக்கூடாது.

தலைவர் வந்தார், புது டயர் மாட்ட. அண்ணன் ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கினார். ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும்போதும், 'ஐயா, என் தங்கச்சி பொண்ணு விஷயம்...' என்று உள்ளுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு போல்ட்டை முடுக்கும்போதும் அதையே இன்னும் கொஞ்சம் பணிவாகச் சொல்லிப் பார்த்தார். வண்டி தரைக்கு இறங்கியது. தலைவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "நடைப் போட்டி இந்தத் தெரு வழியாத்தான் சுத்தப் போவுது. வரவேற்புக் கமிட்டிக்கு ஒரு ஆள் வேணும். தேசப்பற்று உள்ள ஆளா இருக்கணும். உங்களைத்தான் எல்லாரும் சொல்றாங்க."

அண்ணன் வாயைத் திறந்தார்.

"காத்து எவ்வளவு வைக்கட்டும் சார்?"

வெளியே வந்தது அதுதான். அந்த வாரமே கழுத்தில் பட்டையோடு ஒரு அட்டை தொங்கியது, அண்ணனின் படம் போட்டு. குளிக்கிறபோது கழற்றுவார் என்று நம்புவோம்.

தங்கை மகளுக்கு வயசு ஏறிக்கொண்டிருந்தது. இந்த ஒலிம்பிக்கை விட்டால் இன்னொன்று அவளுக்குக் கிடையாது. அப்போது ஒரு தீவு நாட்டிலிருந்து கூப்பிட்டார்கள். உலகப் படத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற நாடு. எங்களிடம் நடக்க ஆளில்லை, நீ வா, குடியுரிமை தருகிறோம், எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு நட என்றார்கள். புறப்படுவதற்கு முன்னால் அவள் கடைக்கு வந்து சொன்னாள். ஓடிப்போகிறவள் சொல்லிவிட்டா போவாள்?

அண்ணன் ஸ்பானரைக் கீழே போட்டார். டயர்களின் மேல் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"பொறந்த நாட்டை விட்டுட்டு இன்னொருத்தன் கொடிக்கு நடக்கப் போறியா? உனக்குக் கூசலை?"

"கூசுது மாமா. எனக்குப் பின்னாடி வந்தவ நடக்கறதை நான் டிவில உக்காந்து பாத்தா இன்னும் கூசும்."

"பொறுத்திருக்கணும்!"

"எது வரைக்கும்? தலைவருக்கு இன்னொரு மருமக வர்ற வரைக்குமா?"

பக்கத்து சலூன்காரர், பாதி சவரத்தில் ஒருவரை நுரையோடு உட்காரவைத்துவிட்டு, கத்தியும் கையுமாக எட்டிப்பார்த்தார். "அண்ணே, நீங்க ஒரு டயர் கம்பெனி போர்டை எறக்கிட்டு வேற கம்பெனி போர்டை மாட்டினீங்களே, அது எந்தக் கணக்கு?"

"அது தொழில்யா!"

"அவளுக்கு நடக்கறதுதானே தொழில்?"

கம்ப்ரெஸர் ஓட ஆரம்பித்தது.

அவள் போகவில்லை. அது கத்தி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள். அந்தக் கடையின் சரித்திரத்தில் யாரும் அப்படி நின்றதில்லை.

"தலைவர்கிட்ட என்னைப் பத்திப் பேசினீங்களா மாமா?"

அண்ணன் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "அது... பேசற மாதிரி நேரமா அமையலை."

"டயர் மாத்திக் குடுத்தீங்கதானே?"

"குடுத்தேன்."

"நல்லா ஓடுதாமா?"

அவ்வளவுதான் கேட்டாள். திரும்பிப் போய்விட்டாள். அவள் தெருக்கோடி தாண்டிய பிறகுதான் அண்ணனுக்குக் குரல் வந்தது. "இன்னையிலேருந்து அவ என் தங்கச்சி பொண்ணே இல்ல. துரோகி!" குடும்பத்தில் முதல் பட்டம். சபை தலையாட்டியது. சலூன்காரர் மட்டும், நுரை காய்ந்துபோன வாடிக்கையாளரிடம் திரும்பிப் போனார்.

போட்டிகள் நெருங்க நெருங்கத் தெருவுக்குப் புதுமாப்பிள்ளைக் களை வந்தது. சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள், கேமராவுக்குத் தெரிகிற பக்கம் மட்டும். தள்ளுவண்டிகளை எங்கோ தள்ளிக்கொண்டு போனார்கள். பின்பக்கத்துச் சந்தை மறைத்து, நீர்வீழ்ச்சியும் மானும் வரைந்த பெரிய துணியைக் கட்டினார்கள். அண்ணன்தான் நின்று கட்டவைத்தார். தங்கையின் வீடு சரியாக மானுக்குப் பின்னால் போயிற்று.

"அண்ணா, எம் பொண்ணு இந்தத் தெருவுலதான் நடக்கப்போறா. நான் எப்படிப் பாக்கறது?" என்றாள் தங்கை.

"டிவில பாரு. உலகமே பாக்கற நேரத்துல உன் வீட்டுக் கொடியில காயற பாவாடையையா காட்டச் சொல்றே?"

அவள் துணி தைக்கிறவள். துணியை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? போட்டியன்று காலையில் மானின் வயிற்றில் நேராக ஒரு கிழிசல் இருந்தது; அது வழியாக வெளியே வந்து அண்ணன் பக்கத்திலேயே நின்றாள்.

"உள்ள போ. தலைவர் எதிர்ல நிக்கறாரு."

"நிக்கட்டும். பெத்தவ நானு."

"அந்தத் தீவுக்காரன் கொடி கிடி ஏதாவது தூக்கினேன்னு வெச்சுக்க..."

"எங்கிட்ட எந்தக் கொடியும் இல்லண்ணா. கை இருக்கு. ஆட்டிக்கறேன்."

போட்டி தொடங்கியது. வேற்று நிறச் சட்டையில் அந்தப் பெண் வந்தாள். அண்ணன் நாட்டின் மானத்தை உத்தேசித்து வானத்தைப் பார்த்தார். அடுத்த சுற்றில் அவளுடைய ஷூவை மட்டும் பார்த்தார். டயர்க்காரர், தேய்மானம் பார்ப்பதில் தப்பில்லை. அதற்கடுத்த சுற்றில், இளைத்துவிட்டாளே என்று பட்டது. அப்புறம் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. அவள் இடுப்பு ஒடிகிற பக்கமெல்லாம் இவர் இடுப்பும் ஒடிய ஆரம்பித்தது. கழுத்து அட்டை தொப்பையின் மேல் இடமும் வலமுமாக ஆடியது.

"அண்ணே, வாத்து ரெண்டா தெரியுதே" என்றார் சலூன்காரர்.

பதக்கக்காரிகள் எப்போதோ போய்விட்டார்கள். கடைசிச் சுற்றில் மிச்சமிருந்த சண்டை, பத்திரிகையில் பொடி எழுத்தில்கூட வராத ஒரு இடத்துக்கு. அதற்குத்தான் அந்தப் பெண்ணும், நம் சட்டை போட்ட தலைவரின் மருமகளும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்கள். பெண் முன்னால். மருமகள் பின்னால். தெரு முழுக்க நம் நாட்டின் பெயரைச் சொல்லிக் கத்தியது, கொடி ஆட்டியது. கடை வாசலுக்கு வரும்போது மருமகள் ஒரு எக்கு எக்கினாள். நடுவர் அந்த நேரம் பார்த்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓடறா! ஓடறா! ரெண்டு காலும் தூக்கிட்டா! யோவ் நடுவரே, எங்கய்யா பாக்கறே? அவளுக்கு அட்டையைப் போடு!"

கத்தியது அண்ணன்தான். கம்ப்ரெஸர்கூட அவ்வளவு சத்தம் போட்டதில்லை.

நடுவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். மருமகள் இன்னும் காற்றில்தான் இருந்தாள். சிவப்பு அட்டை விழுந்தது. முன்பே வாங்கியவற்றோடு சேர்ந்து அதுவே கடைசி. நம் சட்டை தெருவோரம் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் போனாள். இல்லை, ஒரு நொடி பார்த்தாள், மானுக்கு முன்னால் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்ற அம்மாவை. சிரிப்பா அழுகையா என்று அந்த வேகத்தில் சொல்ல முடியவில்லை. கோட்டைத் தாண்டி முடித்தாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கடை வாசலில் கொடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. எதிரே தலைவரின் கறுப்புக் கண்ணாடி இந்தப் பக்கம் திரும்பியது.

"யார்ரா அது? நம்ம ஆளை வெளிய அனுப்பச் சொல்லிக் கத்தின துரோகி யாரு?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

எத்தனையோ பேருக்கு வழங்கிய பட்டம், வந்து காலடியில் நின்றது. அண்ணன் அதைப் பார்த்தார். கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டார். தங்கை அவர் முகத்தையே பார்த்தாள். 'என் தங்கச்சி பொண்ணுக்காக நான்தான் கத்தினேன்' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்காகவே வாயும் திறந்தது.

"இவன்தான்!" என்று சலூன்காரரைக் காட்டினார்.

சலூன்காரர் அசரவில்லை. "குடுங்கண்ணே, நானே வாங்கிக்கறேன். கடையில கண்ணாடிக்கு மேல மாட்ட எடமிருக்கு" என்றார். தங்கை கிழிசல் வழியாக உள்ளே போய், அந்தப் பக்கத்திலிருந்து அதைத் தைக்க ஆரம்பித்தாள். ஊசி ஏறி இறங்குவதை அண்ணன் இந்தப் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்படி ஒரு மனிதர். சிரிப்பு வருகிறதல்லவா? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு. அந்த மருமகளுக்குச் சிவப்பு அட்டை விழுந்தபோது உங்களுக்கு உள்ளுக்குள் குளிர்ந்ததே, நானும் கவனித்தேன். அவள் யார் மருமகளாக இருந்தால் என்ன, நம் நாட்டுச் சட்டை போட்டு, நம் கொடிக்காக நடந்தவள் ஆயிற்றே? தீவுக்காரிக்காக நீங்கள் ஏன் கை தட்டினீர்கள்? சத்தமாகச் சொல்லாதீர்கள். பக்கத்துக் கடை டயரின் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.