பரம்பரை மூக்கு

"அப்பா, தும்மிடாதீங்க! இப்பதான் கேமராவைப் பாக்குது!"

மகள் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டூடியோக்காரர் தும்மிவிட்டார். சாதாரணத் தும்மலா அது? விளக்கு ஸ்டாண்டே ஒரு ஆட்டம் ஆடியது. ஸ்டூலில் சமர்த்தாக உட்கார்ந்திருந்த நாய் ஒரே பாய்ச்சலில் இறங்கி, அவர் மகளின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. படத்தில் விழுந்தது வெறும் ஸ்டூல்தான்.

நாய்கள் காப்பகத்து மேடம் கொடுத்த வேலை அது. படத்தைப் பார்த்து யாராவது மனமிரங்கித் தத்தெடுக்க மாட்டார்களா என்று, காப்பகத்து நாய்களையெல்லாம் அழைத்துவந்திருந்தார். மற்றவை வந்தன, உட்கார்ந்தன, போய்விட்டன. கடைசியாக வந்தது இந்தப் பழுப்பு நாய். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொரு காது 'நமக்கென்ன' என்று மடங்கிக் கிடக்கும்.

"அப்பா, இதைப் படம் எடுக்க வேணாம்."

"ஏன்டா வாலு?"

"படம் போட்டா யாராவது கூட்டிட்டுப் போயிடுவாங்க. நாமளே வெச்சுக்கலாம்ப்பா."

வாலு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். வாலாட்டத்துக்குக் குறைச்சல் இல்லையென்றாலும், இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டு அடம்பிடித்தவள் இல்லை. தூசி பட்டால் தும்மல், குளிர் வந்தால் இழுப்பு. கம்பளிப் போர்வை கூடாது, பஞ்சுப் பொம்மை கூடாது, வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று 'கூடாது' கேட்டே வளர்ந்த பிள்ளை. அந்தப் பிள்ளை முதன்முதலாக வாய் திறந்து ஒன்று கேட்கிறது. சரி என்று சொல்ல அவர் வாய் துடித்தது. மூக்கு விட்டால்தானே? இன்னொரு தும்மல் போட்டது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க சார். வேற ஒருத்தர் வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காரு," என்றார் மேடம்.

இந்த இடத்தில் ஸ்டூடியோக்காரரின் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவரே வந்து சொல்லிவிடுவார். நடுவில் லேசாக மேடு தட்டிய, எடுப்பான மூக்கு. அவர் அப்பாவுக்கும் அதே மூக்கு, தாத்தாவுக்கும் அதே மூக்கு. சொத்து என்று பெரிதாக எதுவும் கைக்கு வரவில்லை. மூக்கு வந்தது, கூடவே தும்மலும் வந்தது. இரண்டையும் அவர் விருது மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார். போதாக்குறைக்கு, ஜாடை கண்டுபிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு வேறு. குடும்பப் படம் எடுக்க வருபவர்களிடம், "சின்னவன் தாய்மாமனை உரிச்சு வெச்சிருக்கான்" என்பார், அந்தத் தாய்மாமனைப் பார்த்தே இராவிட்டாலும்.

மறுநாள் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அலர்ஜி டாக்டரிடம் போனார். டாக்டர் புதியவர், பாவம்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்தத் தொந்தரவு உண்டா?" என்று கேட்டுவிட்டார்.

"யாருக்கு இல்லைன்னு கேளுங்க டாக்டர்!" ஸ்டூடியோக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்க தாத்தாவுக்குக் கோழி. கூண்டைத் திறந்தாலே அடுக்குத் தும்மல். எங்கப்பாவுக்குப் பூனை. காலண்டர்ல பூனைப் படம் இருந்தாக்கூட கண்ணு வீங்கும். எனக்கு நாய். எங்க அத்தைக்குக் குதிரை."

"குதிரையா? அவங்க குதிரையை எங்க பாத்தாங்க?"

"பாக்கலை டாக்டர். பாத்திருந்தா வந்திருக்கும்."

"டாக்டர், அது வந்து..." என்று அவர் மனைவி ஆரம்பித்தாள்.

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா. எங்க பக்கத்து விஷயம் உனக்கு என்ன தெரியும்? வாலு, இப்படித் திரும்பு. டாக்டர், இவ மூக்கைப் பாருங்க. இப்ப என் மூக்கைப் பாருங்க. அச்சு அசல்!"

டாக்டர் இரண்டு மூக்கையும் பார்த்துத் தலையாட்டினார். "மூணு தலைமுறையா வருதுன்னா விஷப்பரீட்சை வேணாம் சார். இழுப்பு வேற இருக்குங்கறீங்க. நாய் ஆசையை விட்டுடுங்க."

வாலு அழவில்லை. சரி டாக்டர் என்று மட்டும் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பெருமையடிக்கப் போய்ப் பிள்ளை ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அவர் தன்னையே நொந்துகொண்டார்.

ஆனால் அவர் சும்மா இருக்கிற ஆளா? டாக்டர் சொன்னால் ஆச்சா, நாமே பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார். மேடத்திடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாளைக்கு நாயை ஸ்டூடியோவுக்கு வாங்கி வந்தார்.

தும்மலுக்குக் காரணம் அழுக்குதானே என்று முதலில் அதைக் குளிப்பாட்டினார். நாய் நேராகப் போய் நீலத் திரைக்கு முன்னால் நின்று உடம்பை உதறியது. திரை முழுக்கப் புள்ளி. ஈரம்தானே பிரச்சினை என்று தலை உலர்த்தும் மெஷினைப் போட்டார். ஸ்டூடியோ முழுக்க முடி பறந்தது. முடிதானே பிரச்சினை என்று முகத்தில் மாஸ்க்கை மாட்டினார். மூச்சுக்காற்றில் மூக்குக் கண்ணாடி பனி பிடித்துக்கொண்டது. அந்தக் கோலத்தில், வேலைக்கு மனுப் போடப் படம் எடுக்க வந்தவரை நிற்கவைத்து, குத்துமதிப்பாக பட்டனை அமுக்கினார். சரியாக அதே நேரத்தில் தும்மலும் வந்தது.

வாடிக்கையாளர் படத்தை வாங்கி மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்.

"சட்டை நல்லா விழுந்திருக்கு. தலை எங்க சார்?"

இந்த அமளியில் வாலு ஒரு மூலையில் நாயை மடியில் போட்டுக்கொண்டு அதன் மடிந்த காதை நிமிர்த்தி நிமிர்த்தி விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு தும்மல் இல்லை, ஒரு செருமல் இல்லை.

"ஏங்க, காலையிலேருந்து அவ தும்மவே இல்லைங்க," என்றாள் மனைவி.

"எப்படித் தும்முவா? எங்க பரம்பரையில அது உள்ளயே பதுங்கி இருக்கும். நாள் போய்த்தான் வெளிய வரும்."

இதைக் கேட்ட வாலு நாயை மெல்லக் கீழே இறக்கிவிட்டாள். உள்ளே ஒரு புலியே பதுங்கியிருப்பது போலத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"நான் டாக்டரை ஒரு எட்டுப் பாத்துட்டு வரேன். நீங்க வர வேணாம். நீங்க வந்தா டாக்டர் பேச முடியாது."

போனாள், வந்தாள். "பரம்பரையை ஓரமா வெச்சுட்டு நேரா டெஸ்ட் எடுத்துடலாம்னு சொல்லிட்டாரு," என்றாள்.

டெஸ்ட் எளிதாக முடிந்தது. வாலுவின் முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து விட்டு, ஒவ்வொரு சொட்டின் மேலும் லேசாகக் குத்தினார்கள். தூசிக்கான இடம் சிவந்து தடித்தது. நாய்க்கான இடம் மழமழவென்று இருந்தது.

"நாயால இவளுக்கு ஒண்ணும் இல்லை. தாராளமா வளர்க்கலாம். படுக்கையில மட்டும் ஏத்தாதீங்க," என்றார் டாக்டர்.

வாலு குதித்தாள். ஸ்டூடியோக்காரருக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூக்கு உடைபட்டுப் போயிற்றே!

"சொட்டை மாத்தி விட்டுட்டீங்களா டாக்டர்? எதுக்கும் எனக்கும் குத்துங்க."

குத்தினார்கள். நாய்க்கான இடம் பொசுபொசுவென்று வீங்கியது. "பாத்தீங்களா!" என்று கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"பாத்தேன் சார். நாய் ஆகாதது உங்களுக்குத்தான்," என்றார் டாக்டர்.

வாலு அப்பாவின் கையைப் பார்த்தாள். அந்த வீக்கத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"அப்ப வேணாம்ப்பா. உங்களுக்கு மூச்சு முட்டும். வேற யாராவது அதை நல்லா பாத்துக்குவாங்க."

ஸ்டூடியோக்காரர் மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். ஆசைப்பட்டது கைக்கு வந்த அடுத்த நிமிஷமே அப்பாவுக்காக விட்டுக்கொடுக்கிறது இந்தக் குழந்தை! இப்படி ஒரு பிள்ளைக்கு அப்பா என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"டாக்டர், எனக்கு மாத்திரை எழுதுங்க. தினமும் வேணாலும் போட்டுக்கறேன். நாய் எங்க வீட்டுக்குத்தான் வருது." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா, எப்படி விட்டுக்குடுக்கறா! இந்த மனசு வேற எங்கிருந்து வரும்? எங்க பரம்பரை!"

மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுல சந்தேகமே இல்லை சார்," என்றார் டாக்டர். மருந்துச் சீட்டை நீட்டியவர், கூடவே எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்குக் குலுக்குகிறார் என்று ஸ்டூடியோக்காரருக்கு விளங்கவில்லை. நம் மூக்கின் மீது மரியாதை வந்துவிட்டது போலும் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காப்பகத்தில் போய் நின்றார்கள். மாத்திரை வேலை செய்தது. தும்மல் அடங்கி வெறும் மூக்குறிஞ்சலாகியிருந்தது. பழுப்பு நாய் ஓடிவந்து வாலுவின் மேல் விழுந்து புரண்டது.

"பொண்ணு அப்படியே உங்க ஜாடை சார்," என்றார் மேடம்.

"பின்னே?" அவருக்கு வாயெல்லாம் பல். "யார் பொண்ணு!"

"புது இடம்னா கொஞ்ச நாள் பயப்படும். மூலையில போய் உக்காந்துக்கும். சரியா சாப்பிடாது. பொறுமையா இருப்பீங்களா?"

"இருப்போம் மேடம்."

"நம்ம வீடுதான்னு அதுக்கே தோணற வரைக்கும் விடாம பாத்துக்கணும். கோவத்துல திருப்பி அனுப்பற பேச்சே கூடாது."

"சேச்சே! வீட்டுக்கு வந்துட்டா அது எங்க பிள்ளை மேடம்."

மேடத்துக்குத் திருப்திதான். "கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். இதுக்கு முன்னாடி தத்தெடுத்து வளர்த்த அனுபவம் ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க மேடம்," என்றார் ஸ்டூடியோக்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "எங்க வீட்டுல தத்தெடுக்கறது இதுதான் முதல் தடவை."

தரையில் நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வாலு தலையைத் தூக்கினாள்.

"ஐயோ அப்பா! முதல்ல என்னைத்தானே தத்தெடுத்தீங்க, மறந்துட்டீங்களா?"