மெயினைப் பிடித்துக்கொண்டு பேசுங்க

புதுச்சேரியில் அதிகமான பாவசங்கீர்த்தனம் கேட்ட மனிதர் எந்த மாதா கோயில் பாதிரியாரும் இல்லை. அவர் ஒரு எலக்ட்ரீஷியன். பெயர் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள், எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. என் போனில் அவர் ‘பேசுங்க கரண்டு’. பக்கத்து வீட்டு போனில் ‘பேசுங்க அண்ணன்’. மொத்தத்தில் அவர் பேசுங்க.

கரண்டு வேலை செய்து பிழைக்கிற அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். அது கரண்டு. முன்பொரு சமயம் ஒரு வீட்டில் ஸ்டூல் மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தாராம். அந்த வீட்டு மச்சானுக்கு கிரிக்கெட் அவசரம், மெயினைப் போட்டுவிட்டார். நம் ஆள் பறந்து போய் மெத்தை மேல் விழுந்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து பழைய ஜாக்கிரதைகளோடு புதிதாக ஒரு சட்டமும் சேர்ந்தது.

முதலில் மெயினை அணைப்பார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். இத்தனையும் போதாமல், வீட்டு ஆள் ஒருவரை மெயின் பக்கத்தில் நிறுத்தி, “பேசுங்க” என்பார். வேலை முடிகிற வரை அந்த ஆள் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் ஆள் நகர்ந்துவிட்டார் என்று அர்த்தம். உடனே ஸ்டூலை விட்டு இறங்கிவிடுவார்.

“கட்டதான் உங்க பாக்கெட்ல இருக்கே அண்ணே, அப்புறம் என்னா பயம்?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“எல்லா வூட்லயும் ஸ்பேர் கட்ட வச்சிருக்காங்கம்மா. அந்த மச்சான் அதத்தான் எடுத்து சொருவுனாரு.”

சரி, பேசலாம், ஆனால் என்னத்தைப் பேசுவது? கோடி வீட்டு அம்மா ஜெபமாலை சொன்னார். கூடாது என்றுவிட்டார். “மனப்பாடம் வேணாம்மா. அது வாய் பாட்டுக்கு சொல்லும், கால் பாட்டுக்கு நடந்து போயிடும்.” பேங்க் ஆபீசர் ஒருவர் பேட்டரி ரேடியோவை மெயின் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பேசுங்க உள்ளேயிருந்து “அப்புறம்?” என்று கேட்டிருக்கிறார், ரேடியோ பதில் சொல்லவில்லை. பாதியில் இறங்கியவர் சாயங்காலம் வரை ஸ்டூல் ஏறவில்லை.

அந்த “அப்புறம்?” இருக்கிறதே, அதுதான் ஆபத்து. கதை கேட்பதில் அவருக்கு அப்படி ஒரு ருசி. நாம் ஏதோ வெயில், மழை என்று ஆரம்பிப்போம். ஸ்க்ரூ திருகுகிற சத்தத்துக்கு நடுவில் ஒரு “அப்புறம்?” வரும். இன்னொன்று வரும். நாலாவது அப்புறத்தில் நாத்தனார் சண்டை வெளியே வந்துவிடும். எங்கள் பக்கத்து வீடுகளில் மீட்டர் பெட்டி வாசலில் இருப்பதால், நீங்கள் அவிழ்க்கிற மூட்டை தெருவுக்கே அவிழும். எதிர் மாடியில் குடியிருந்த பெண், வீட்டைக் காலி செய்யப் போகும் விஷயத்தை வீட்டுச் சொந்தக்காரருக்குச் சொல்வதற்கு முன்னால் தெருவுக்குச் சொன்னது அப்படித்தான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர் இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அவர் மட்டும் உஷாராக முழுக்க முழுக்க பிரெஞ்சிலேயே பேசினார். பேசுங்கவுக்கு பிரெஞ்சில் ‘மெர்சி’க்கு மேல் தெரியாது. ஆனாலும் சொல்தா மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் சரியாக “அப்புறம்?” என்று கேட்டுவிட்டார். இந்த ஊரில் தன் பிரெஞ்சைப் புரிந்துகொள்கிற ஒரே ஆள் எலக்ட்ரீஷியன்தான் என்று சொல்தா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

என் மாமனார் மில்லில் தறி ஓட்டியவர். அந்த இரைச்சலில் பேசி யாருக்குக் கேட்கப் போகிறது என்று அந்தக் காலத்திலேயே பேச்சை விட்டவர், மில்லை மூடிய பிறகும் திரும்ப எடுக்கவில்லை. “உம்”, “வேணாம்”, இந்த இரண்டை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறவர். அவருக்கு இழுப்பு உண்டு. காலையும் சாயங்காலமும் நெபுலைசர் மிஷின் வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு வேளை விட்டாலும் மூச்சு திணறும். அவர் அறையில் இருப்பதோ ஒரு லைட்டும் ஒரு ஃபேனும்தான், பிளக் கிடையாது. அதனால் ஹாலுக்கு வந்து டிவி பக்கத்துப் பிளக்கில் சொருகி உட்காருவார். மிஷின் போடுகிற சத்தத்தில் சீரியலில் யார் எதற்கு அழுகிறார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது.

பாவம், மனிதர் தன் கட்டிலிலேயே சாய்ந்துகொண்டு வைத்துக்கொள்ளட்டுமே என்று, அறை லைட்டிலிருந்து ஒரு பிளக் இழுக்கலாம் என்றேன். மாமா சொன்ன பதில் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் பேசிய மிக நீளமான வாக்கியம்: “உள்ள பிளக்கு வச்சா நான் மிஷினே போட மாட்டேன்.”

ஏன் என்று கேட்டேன். “உம்” என்றார். என் கணவரைக் கேட்கச் சொன்னேன், அவருக்கும் ஒரு “உம்”தான் கிடைத்தது. பிளக் மேல் ஒரு மனிதருக்கு என்ன கோபம் இருக்க முடியும்? எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று, விஷயத்தைச் சொல்லிப் பேசுங்கவைக் கூப்பிட்டேன்.

வந்தார். அறை லைட்டின் ஸ்விட்சைத் தொடாமல் எட்ட நின்று பார்த்தார். “இங்க ஒத்த லைன்தாம்மா வருது. பிளக்குக்கு ரெண்டு வேணும். இன்னொண்ண மேல லைட்டுகிட்ட இருந்து எறக்கணும், எர்த்த வாசல்ல இருந்து தனியா இழுக்கணும். ஆனா இது லைட்டு வயரு. அந்த மிஷினு, செல்லு சார்ஜரு, அவ்ளோதான். அயர்ன் பாக்ஸு கொண்டாந்து சொருவிடாதீங்க.”

சரி என்று மெயின் பக்கம் நகர்ந்தேன். தடுத்துவிட்டார்.

“நீங்க வேணாம்மா. உங்க கதையெல்லாம் போன தடவ ஃபேன் மாட்டறப்பவே முடிஞ்சிடுச்சி. நீங்க டார்ச் புடிங்க. பெரியவரு நிக்கட்டும்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாமா வாசலுக்குப் போய் நின்றார். பேசுங்க ஸ்டூலில் ஏறாமல் காத்திருந்தார்.

“கரண்டு ஆஃபுல இருக்குது” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

பேசுங்க ஸ்டூலில் ஏறினார். “அப்புறம்?”

“இன்னும் ஆஃபுலதான் இருக்குது.”

“அப்புறம்?”

“மீட்டர் பொட்டி மேல ஒரு பல்லி இருக்குது.”

பல்லியை வைத்துக் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு மில்லில் நூலுக்குள் பல்லி விழுந்த கதை வந்தது. அதிலிருந்து மேஸ்திரி, மேஸ்திரியிலிருந்து மில்லில் ஊதுகிற சங்கு, சங்கிலிருந்து சைக்கிளில் எல்லோரும் கும்பலாகத் திரும்புகிற சாயங்காலம். நான் டார்ச்சைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இத்தனை வருஷம் இத்தனையையும் எங்கே வைத்திருந்தார் இந்த மனிதர்?

“அது சரிங்கய்யா” என்று ஸ்டூலிலிருந்து பேசுங்க கேட்டார். “பிளக்கு ஏன் வேணாம்னீங்களாம்?”

வாசலில் பேச்சு நின்றது. பேசுங்க ஒரு காலைக் கீழே இறக்கினார். ஸ்டூல் கிறீச்சென்றது.

“இருப்பா, நிக்கிறேன், எங்கியும் போவல” என்றார் மாமா. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “அந்த மிஷினு ஓடறப்ப யாரும் என்னைய பேசச் சொல்ல மாட்டாங்க. மில்லு மாதிரி. சத்தம் பாட்டுக்கு சத்தம், சனம் பாட்டுக்கு சனம். சும்மா உக்காந்து எல்லார் மூஞ்சியும் பாத்துக்கினு இருப்பேன். பிளக்கு உள்ள வந்துட்டா எந்தச் சாக்குல ஹாலுக்கு வர்றது?”

வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டு வருகிற அம்மா வாசலில் கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “அப்புறம் இன்னாச்சு பெரியவரே?” என்று அவர் கேட்டது உள்ளே வரை கேட்டது.

எங்களுக்குத் தொந்தரவு என்று நாங்கள் நினைத்த சத்தத்துக்குள் அவர் எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. பேசுங்க மேலேயே பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

“அண்ணே, என்னா நிக்கிறீங்க?”

“வேல எப்பவோ முடிஞ்சிடுச்சிம்மா. பெரியவரு முடிக்கட்டும்னுதான்.”

“முடிஞ்சத அவுத்துடுங்க” என்றேன். “இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட ஹாலு. மாமா நாற்காலி அங்கதான் கெடக்குது. ஓட்ட போட்டு பிளக்க அந்தப் பக்கம் வச்சிடுங்க.”

அவர் உளியை எடுத்துக்கொண்டு ஸ்டூலை நகர்த்தினார். வாசலில் மாமாவிடம் போய், பிளக் ஹாலுக்கே வருகிறது, ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் மெயின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார்.

“பேசணுமா?”

“பேசணும் மாமா.”

“உம்” என்றார். மீன்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இப்போது மிஷின் ஹாலில்தான் ஓடுகிறது. சீரியலில் அழுகிறவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று இன்னமும் எங்களுக்குத் தெரியாது. மற்ற நேரங்களில் மாமா பழையபடிதான், உம்மும் வேணாமும். ஆனால் போன வாரம் தானாகவே வந்து, மாடிப்படி லைட்டிலிருந்து ஒரு பிளக் இழுத்தால் என்ன என்று கேட்டார். மாடிப்படியில் சொருக எங்களிடம் ஒன்றும் இல்லை. பேசுங்கவுக்கு போன் பண்ணிவிட்டேன், நாளைக்கு வருகிறார்.