ஆறு நாள் கழித்து உயிர் வரும் சர்டிபிகேட்

சிவமயம்
காரைக்குடி,
குரோதி, தை 27

பினாங்கிலிருக்கும் செல்ல மகள் நாகம்மைக்கு அப்பச்சி மெய்யநாதன் ஆசியுடன் எழுதுவது. கொப்புடையம்மன் புண்ணியத்தில் இங்கு நானும் உன் ஆத்தாளும் சுகம். என் இடது கை மட்டும் வீங்கியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும், நான் இன்னும் தூக்கிப் பார்க்காத ஏழு மாதப் பேரனும் சுகமென்று நம்புகிறேன்.

இந்தக் கப்பலுக்கும் வராவிட்டால் இனிக் கடிதமே போடமாட்டேன் என்று எழுதிவிட்டாய். நான் என்ன செய்வேன்? காலரா எந்தக் காகிதமும் இல்லாமல் தேசம் தேசமாகப் போகிறது. நமக்குத்தான் ஊசி போட்ட சர்டிபிகேட் இல்லாமல் கப்பலேற முடியாதாம். ஆடியிலேயே நானும் உன் ஆத்தாளும் போட்டுக்கொண்டோம். ஆறு நாள் கழித்துத்தான் சர்டிபிகேட்டுக்கு உயிர் வரும், வந்தால் ஆறு மாதம் இருக்கும் என்றார்கள். உயிர் வந்தது, ஆனால் ஆடியில் யார் பயணம் கிளம்புவார்கள்? ஐப்பசிக் கப்பலுக்கு வீட்டைவிட்டுப் புறப்படவேண்டிய நாள் நவமி. அதனால் இரண்டு நாள் முன்பே, நல்ல நேரம் பார்த்து, பெட்டியை மட்டும் மானகிரியில் சிநேகிதன் தேனப்பன் வீட்டுக்குப் பரஸ்தானமாக அனுப்பினேன். பெட்டி புறப்பட்டால் நாமே புறப்பட்ட மாதிரிதானே. சர்டிபிகேட்டுகள் பெட்டிக்குள். தேனப்பனோ வீட்டைப் பூட்டிக்கொண்டு சிவகங்கைக் கோர்ட்டுக்குப் போய்விட்டான். அவன் திரும்பி வருவதற்குள் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் மார்கழியில், மார்கழியில் கிளம்பக்கூடாது. தை பிறந்தது, சர்டிபிகேட் செத்தது. மூன்று நாள் முன் மறுபடியும் போட்டுக்கொண்டேன். கப்பல் 29ஆம் தேதி. எனக்கு உயிர் வருவது 30ஆம் தேதி.

ஊசி போட்டால் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். காய்ச்சலில் கண்ணை மூடினால் கடல் நம் வாசலுக்கே வந்துவிடுகிறது, நாகம்மை. கப்பல் சத்தமில்லாமல் புதுவயல் மில் புகைபோக்கிகளைத் தாண்டிப் போகிறது. உமி வாசனை குறையக் குறைய உப்புக் காற்று வருகிறது. பினாங்குத் துறைமுகத்தில் யாரும் எதையும் கேட்பதில்லை. நீ பிள்ளையை நீட்டுகிறாய், அவன் என் விரலைப் பிடித்துக்கொள்கிறான். நீ அனுப்பிய படம் கறுப்பு வெள்ளை என்பதால் கனவிலும் அவன் கறுப்பு வெள்ளையாகத்தான் வருகிறான். விழித்த பிறகும் விரல் சூடாக இருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிடுகிறது.

ஆகவே நானும் உன் ஆத்தாளும் இந்தக் கப்பலுக்கும் வருவதற்கில்லை. கோபப்படாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பேரன் நூறு வயதிருக்கட்டும். சர்டிபிகேட் கேட்காத காலத்தில் ஊர் ஊராகப் போய் வரட்டும்.

இப்படிக்கு,
அப்பச்சி மெய்யநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் ஆத்தா பெட்டியோடு வந்து நின்றாள். பழைய சர்டிபிகேட் உயிரோடிருக்கும்போதே அடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டால் ஆறு நாள் காத்திருக்க வேண்டாமாம். மார்கழியிலேயே புதுவயலுக்குப் போய், மில் ஆட்களோடு வரிசையில் நின்று போட்டுக்கொண்டாளாம். காய்ச்சலும் இல்லை, என்னிடம் சொல்லவும் இல்லை. அதே கப்பலுக்குப் போகும் தேனப்பன் குடும்பத்தோடு இன்றே நாகப்பட்டினத்துக்கு ரயிலேறுகிறாள். இன்று அஷ்டமி என்றேன். "நீங்க கனவுல போயிக்கிட்டே இருங்க. நான் கப்பல்ல போயிட்டு வாரேன்" என்றாள். இதை உன் கையில் கொடுப்பவள் அவள்தான். பேரன் என்ன நிறமென்று மட்டும் உடனே எழுது. அடுத்த காய்ச்சலுக்குள் எனக்குத் தெரியவேண்டும்.